ஊர் காக்கும் கடன்

ஊர் என்னும் சொல்லைத் தமிழர் வெறும் நிலப்பரப்பைக் குறிப்பதற்கு மட்டும் வழங்கினாரல்லர். ‘ஊர் கூடித் தேர் இழுத்தது’, ‘ஊர் வாயை மூட முடியுமா’ என்றெல்லாம் நாம் பேசும்போது அச்சொல் அங்கு வாழும் மாந்தரையே குறிக்கின்றது. இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். ‘ஊர் சிரித்தது’ என்று எடுத்துக்காட்டுச் சொல்லி, அதை மாணவர் எழுதிக்கொண்டாரா என்று பார்த்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வது எங்கள் தொழில். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நானும் அவ்வாறே செய்து வருகிறேன். சிரிப்பதற்கு ஆளே இல்லாத ஊர் ஒன்று இருக்குமாயின் அங்கே அந்த ஆகுபெயர் என்னாகும் என்று மட்டும் அண்மைக்காலம் வரை எண்ணிப் பார்த்ததில்லை.

பாழ்பட்ட ஊர்கள் நம் பழைய இலக்கியத்திற்குப் புதியனவல்ல. பட்டினப்பாலை, கரிகாலனைப் பகைத்தோர் நாடு பாழான காட்சியை விரித்துரைக்கின்றது. அங்கே அழிவுக்குப் பகையும் போரும் காரணம். மழை பொய்த்துக் குடிபெயர்ந்த ஊர்களும் கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கைவிட்ட ஊர்களும் நம் முன்னோர் அறிந்தவையே. ஆனால் போருமின்றிப் பஞ்சமுமின்றி, நாடு செல்வத்தில் கொழித்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே, அதன் ஊர்கள் விளக்கணைவதுபோல் ஒவ்வொன்றாக அவிந்துபோகும் நிலை இந்நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் தோன்றியது. அதனை முழுமையாகக் காண வேண்டுமாயின் ஜப்பானை நோக்க வேண்டும்.

தமிழ்த்துறை மலரில் ஜப்பானுக்கு என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். 2024, 2025ஆம் ஆண்டுகளில் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் முதலமைச்சர்களே மேடையில் நின்று, மக்கள் பிள்ளைகளைக் கூடுதலாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினர். ‘நாமிருவர் நமக்கிருவர்’ என்று சுவரெழுதிய மண்ணில் இப்பேச்சு பலருக்கு வியப்பாயிருந்தது. ஆனால் எண்கள் வியப்புக்கு இடம் தருவனவல்ல. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2020இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.4. மக்கள்தொகை குறையாமல் நிலைபெற வேண்டுமாயின் அது 2.1 அளவில் இருத்தல் வேண்டும். ஜப்பான் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அடியெடுத்து வைத்த வழியில் நாமும் கால் வைத்துவிட்டோம். முன்னே சென்றவன் எங்கெங்கே இடறி விழுந்தான் என்று கேட்டறிந்துகொள்வதில் இழிவொன்றுமில்லை.

ஜப்பானின் ஷிகொக்குத் தீவில் மலைகளுக்கிடையே நகோரோ என்றொரு சிற்றூர் உண்டு. 2019ஆம் ஆண்டளவில் அங்கு வாழ்ந்தோர் முப்பதின்மருக்கும் குறைவு. ஆனால் அவ்வூருக்குள் நுழைபவர், வயலில் குனிந்து நிற்பவரையும் பேருந்துக்குக் காத்திருப்பவரையும் திண்ணையில் அமர்ந்து கதை பேசுபவரையும் காண்பர். நெருங்கினால் அத்தனையும் துணியாலும் வைக்கோலாலும் செய்த பொம்மைகள். இறந்தவருக்கும் ஊரை விட்டுப் போனவருக்கும் ஈடாக அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் செய்து வைத்தவை அவை. முந்நூற்றுக்கும் மேல் உள. 2012இல் அவ்வூர்ப் பள்ளி மூடப்பட்டது. வகுப்பறையில் பொம்மைப் பிள்ளைகள் அமர்ந்திருக்க, பொம்மை ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எவரும் அதன் நிழற்படத்தைச் சற்று நேரத்திற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க இயலாது.

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானின் தொழிற்சாலைகளுக்குக் கைகள் வேண்டியிருந்தன. நடுநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து அகவைப் பிள்ளைகளை ஊர் ஊராகத் திரட்டித் தனித் தொடர்வண்டிகளில் ஏற்றித் தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் அனுப்பினர். அப்பிள்ளைகளுக்குப் ‘பொன் முட்டைகள்’ என்று பெயரும் சூட்டினர். முட்டையிட்ட கோழியை அன்று எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. ஷிமானே என்னும் மாகாணத்தில் 1955இல் 9 இலட்சத்து 29 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். 2020இல் அவ்வெண் 6 இலட்சத்து 71 ஆயிரமாயிற்று. நாடு முழுவதன் மக்கள்தொகையோ 2008ஆம் ஆண்டு வரை ஏறிக்கொண்டுதானிருந்தது. ஆகவே ஊர்கள் வெறுமையானது பிறப்பு குறைந்ததனால் அன்று, போக்கு மிகுந்ததனால். பிறப்புக் குறைவு பின்னர் வந்து சேர்ந்துகொண்டது. இந்த வரிசை மிக இன்றியமையாதது. நம் மேடைகளில் இது தலைகீழாகப் பேசப்படுகிறது.

ஜப்பானிய அரசு வாளாவிருந்தது என்று எவரும் குறை கூற இயலாது. 1970இல் மக்கள் குறைந்த பகுதிகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அவசர நடவடிக்கைக்கான அச்சட்டத்தின் ஆயுள் பத்தே ஆண்டுகள். 1980இல் ஒன்று, 1990இல் ஒன்று, 2000இல் ஒன்று, 2021இல் ஒன்று என்று அதன் வழித்தோன்றல்கள் இன்றுவரை தொடர்கின்றன. ‘அவசரம்’ என்பது அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 2022இல் நாட்டிலுள்ள 1,718 நகர, ஊர் மன்றங்களுள் 885, அதாவது பாதிக்கு மேல், இச்சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. அவற்றின் பரப்பு நாட்டின் பாதிக்கு மேற்பட்டது. அவற்றில் வாழ்வோரோ நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு.

அச்சட்டத்தின் உயிர்நாடி ஒரு கடன் ஏற்பாடாகும். ஊர் மன்றம் தன் பணிகளுக்குக் கடன் பத்திரம் வெளியிடலாம். திருப்பிச் செலுத்தும் தொகையில் நூற்றுக்கு எழுபது பங்கை நடுவணரசு பின்னர் ஈடுசெய்யும். நூறு ரூபாய்ப் பொருளை முப்பது ரூபாய்க்குத் தருகிறேன் என்றால் எவர்தான் வாங்காதிருப்பார்? ஊர்கள் வாங்கின. சாலைகள், பாலங்கள், மன்றக் கட்டடங்கள், விளையாட்டு அரங்குகள் எழுந்தன.

இவற்றை எள்ளி நகையாடுவது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. பனிக்காலத்தில் வழியடைந்து கிடந்த மலையூருக்கு மருத்துவ வண்டி வருவதற்குச் சாலை வேண்டும். 1963ஆம் ஆண்டின் பெரும்பனியில் பல நாள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தபின் ஊரையே கைவிட்டோர் பலர். அவர்களிடம் சாலை எதற்கு என்று கேட்க நாம் யார்? ஆனால் சாலைக்கு இருதிசை உண்டு என்பதை ஜப்பானியரே பின்னர் உணர்ந்தனர். உறிஞ்சுகுழல் விளைவு என்று அதற்குப் பெயரிட்டனர். நல்ல சாலை வந்ததும் மக்கள் பொருள் வாங்க நகரத்துக்குச் சென்றனர், ஊர்க்கடை மூடப்பட்டது. கடை மூடியதும் முதியவர் தவிர மற்றோர்க்கு ஊரில் இருப்பதற்கான காரணங்களுள் ஒன்று குறைந்தது. கட்டடத்தைக் கட்டினார்கள், அக்கட்டடத்திற்குள் யார் வருவார் என்பதைக் கேட்க மறந்தார்கள்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமற் செல்ல மனமில்லை. 1988-89இல் தகெஷிதா நொபோரு தலைமை அமைச்சராயிருந்தார். அவர் முற்கூறிய ஷிமானே மாகாணத்துக்காரர். ஊர்களின் நிலையை நன்கறிந்தவர். ஒவ்வோர் ஊர் மன்றத்திற்கும் பத்துக்கோடி யென் அளித்து, ‘உங்கள் விருப்பம்போல் செலவிடுங்கள்’ என்றார். மேலிருந்து கட்டளையிடாமல் ஊரையே முடிவெடுக்கச் சொன்ன அந்நோக்கம் உயர்ந்ததே. சில ஊர்கள் வெந்நீரூற்றுத் தோண்டின. அவாஜித் தீவிலுள்ள சுனா என்னும் ஊரோ, அத்தொகையைக் கொண்டு ஏறத்தாழ 63 கிலோ எடையுள்ள பொற்கட்டியைக் கொணர்ந்து காட்சிக்கு வைத்தது. மக்கள் வந்து தொட்டுப் பார்த்துச் சென்றனர். 2010இல் பொற்கட்டி திருப்பி அளிக்கப்பட்டது. அரசியலார் பொன்னைக் காட்டுவதும் மக்கள் தொட்டுப் பார்த்துத் திரும்புவதும் நமக்கும் பழக்கமான காட்சிதான். ஆயினும் ஜப்பானியர் அதை உண்மையான பொன்னிலேயே செய்தனர்.

வேடிக்கையாய் முடியாத கதையும் ஒன்றுண்டு. வடக்கே ஹொக்காய்டோவில் யூபாரி என்பது நிலக்கரி நகரம். 1960இல் அங்கு 1 இலட்சத்து 16 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். எண்ணெய் வந்தது, நிலக்கரி வீழ்ந்தது. 1981இல் சுரங்க விபத்தொன்றில் 93 பேர் மாண்டனர். 1990இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. சுரங்கம் போனால் என்ன, சுற்றுலா வரும் என்று நகர மன்றத்தார் கேளிக்கைப் பூங்காவும் அருங்காட்சியகமும் பனிச்சறுக்குத் திடலும் விடுதியும் அமைத்தனர். வந்தவர் சிலரே. பற்றாக்குறையைக் குறுகிய காலக் கடன்களால் மறைத்து மறைத்து, 2006இல் மறைக்க இயலாமற்போய், 3,530 கோடி யென் கடனுடன் நகரம் கைவிரித்தது. 2007இல் அது நிதிச் சீரமைப்புக்கு உட்பட்ட மன்றமாயிற்று. 171 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 19 படுக்கை மருந்தகமாகச் சுருங்கியது. நூலகம் மூடப்பட்டது. பள்ளிகள் இணைக்கப்பட்டுத் தொடக்கப்பள்ளி ஒன்றும் நடுநிலைப்பள்ளி ஒன்றுமே எஞ்சின. வரி ஏறியது, வசதி இறங்கியது, இருந்த இளையோரும் வெளியேறினர். 2020இல் மக்கள்தொகை 7,334. அவ்வூர் முலாம்பழம் 2019ஆம் ஆண்டு ஏலத்தில் இணை ஒன்றுக்கு 50 இலட்சம் யென் விலைபோனது என்பதும் உண்மையே. ஊரின் பழம் ஏறிய விலைக்கும் ஊரார் வாழ்வுக்கும் தொடர்பில்லாமற் போகலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைத்தல் அரிது.

அரசு அடுத்து எடுத்த மருந்து இணைப்பு. 1999இல் 3,232ஆக இருந்த மன்றங்கள் 2010இல் 1,727ஆகக் குறைந்தன. சிறு மன்றங்கள் பல சேர்ந்தால் செலவு குறையும் என்பது கணக்காளர் கூற்று. கணக்கு சரியே. ஆனால் சிற்றூரில் மன்ற அலுவலகம் என்பது வெறும் அலுவலகமன்று. படித்த இளைஞன் ஒருவன் ஊரிலேயே தங்கி மாத ஊதியம் பெறக்கூடிய கடைசி இடம் அது. அஃது இருபது கல் தொலைவிலுள்ள நகரத்துக்குப் பெயர்ந்தால், அவனும் பெயர்வான். அவன் பிள்ளைகள் பள்ளியிலிருந்து பெயர் நீக்கப்படுவர். அவன் காலையில் தேநீர் அருந்திய கடையும் தளரும். கணக்காளரின் ஏட்டில் இவற்றுக்குப் பத்தி இல்லை. பள்ளிகளுக்கும் இதுவே நேர்ந்தது. 2002 முதல் 2020 வரை ஜப்பானில் மூடப்பட்ட பொதுப் பள்ளிகள் எட்டாயிரத்துக்கும் மேல்.

2014இல் முன்னாள் அமைச்சர் மசுதா ஹிரோயா தலைமையில் ஒரு குழு வெளியிட்ட அறிக்கை நாட்டையே உலுக்கியது. இருபது முதல் முப்பத்தொன்பது அகவை வரையுள்ள பெண்களின் எண்ணிக்கை 2040க்குள் பாதிக்கு மேல் குறையக்கூடிய மன்றங்கள் 896 என்று அது கணக்கிட்டு, அவற்றை ‘மறையக்கூடியவை’ என்றது. ஊர்ப்பெயர்களைப் பட்டியலிட்டதே அதன் வலிமையும் கொடுமையும் ஆகும். தன் ஊரின் பெயரை இறப்புப் பட்டியலில் காண்பவன், மகனை நகரத்துக்கு அனுப்பாமல் என்ன செய்வான்? ஆயினும் அவ்வறிக்கை ஓர் உண்மையைச் சுட்டியது. ஊர் நிற்பதும் வீழ்வதும் இளம்பெண்கள் அங்கே தங்குவதைப் பொறுத்தது என்பதே அது.

அவ்வுண்மையை அரசு எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதுதான் நகைப்புக்குரியது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில், தோக்கியோவிலிருந்து ஊர்ப்புறத்து ஆடவரை மணந்து குடியேறும் பெண்களுக்கு 6 இலட்சம் யென் வரை வழங்கும் திட்டமொன்று ஆராயப்பட்டது. பெண்கள் கொதித்தெழவே சில நாட்களில் கைவிடப்பட்டது. ஊரில் பெண் ஏன் தங்கவில்லை என்று கேட்பதற்கு மாறாக, அவளுக்கு என்ன விலை என்று கேட்டார்கள். விழாக்களில் அடுப்படியில் நிற்பவள் அவள். மன்றத்தில் பேசுபவர் முதியோராகிய ஆடவர். படித்த படிப்புக்கேற்ற பணியில்லை. மாமியாரின் நோய்ப்படுக்கையைப் பார்த்துக்கொள்ளும் பணி மட்டும் உறுதியாய் உண்டு. இந்நிலையில் ஆறு இலட்சம் என்ன, அறுபது இலட்சம் கொடுத்தாலும் எவள் வருவாள்?

இதனை எழுதுமுன் என் வகுப்பில் முன்வரிசை மாணவியரிடம், ‘படிப்பு முடிந்தபின் சொந்த ஊரில் இருப்பீர்களா?’ என்று கேட்டேன். சிலர் சிரித்தனர். ஒரு மாணவி மட்டும் எழுந்து, ‘ஐயா, ஊரிலே எனக்கு என்ன வேலை இருக்கிறது?’ என்றாள். வேலை என்னும் சொல்லை அவள் இரு பொருளிலும் சொன்னாள் என்று தோன்றியது. மறுமொழி கூற இயலவில்லை, பாடத்தைத் தொடர்ந்தேன்.

இனி, தேறிய ஊர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓயிட்டா மாகாணத்தில் ஓயாமா என்னும் மலையூர், நெல்லுக்கேற்ற நிலமில்லாமையால் 1961இல் நெல்லை விடுத்துப் பிளம் பழமும் கஷ்கொட்டையும் பயிரிடத் தொடங்கியது. ‘பிளம் நட்டு, கஷ்கொட்டை நட்டு, ஹவாய்க்குப் போவோம்’ என்பது அவர்தம் முழக்கம். இதிலிருந்து கற்றே ஆளுநர் ஹிராமட்சு மொரிஹிகோ 1979இல் ‘ஓர் ஊர் ஒரு பொருள்’ இயக்கத்தைத் தொடங்கினார். தாய்லாந்து 2001இல் இதனைப் பின்பற்றியது. இந்தியாவில் ‘ஒரு மாவட்டம் ஒரு பொருள்’ என்று இன்று வழங்குவதும் இக்கிளையில் பூத்ததே. ஊர், மாவட்டமாய்ப் பெருத்தபோதே அதன் சாரம் போயிற்று என்பது என் எண்ணம். ஓயாமாவில் மேலிருந்து எவரும் பயிரைத் தேர்ந்து கொடுக்கவில்லை. அரசு நெல் நடச் சொன்ன காலத்தில் நெல்லை விடுத்தவர்கள் அவர்கள்.

தொகுஷிமா மாகாணத்துக் கமிகட்சு வேறொரு வகை. 1981இன் கடுங்குளிரில் அவ்வூரின் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. வேளாண் கூட்டுறவில் பணியாற்றிய யோகொயிஷி தொமோஜி, உணவகங்களில் தட்டை அழகுசெய்ய வைக்கும் இலைகளையும் பூக்களையும் கண்டு, இவை நம் மலையில் கொட்டிக் கிடக்கின்றனவே என்று எண்ணினார். 1986இல் இலை வணிகம் தொடங்கியது. எழுபது, எண்பது அகவைப் பாட்டியர் மேப்பிள் இலையையும் தாமரை இலையையும் பறித்து அடுக்கி அனுப்புகின்றனர். கணிப்பொறியில் அன்றைய தேவையையும் விலையையும் தாமே பார்த்துக்கொள்கின்றனர். ஆண்டு விற்பனை 26 கோடி யென் அளவை எட்டியது. நாம் வாழையிலையைக் கொண்டு எவ்வளவு காலமாய் உண்கிறோம். இலைக்கட்டு வணிகம் நமக்குப் புதிதன்று. புதிது, எண்பது அகவை மூதாட்டியைச் சுமை என்னாமல் உற்பத்தியாளர் என்று கருதியதுதான். ஆயினும் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. 1955இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த கமிகட்சுவில் 2020இல் 1,400 பேர்கூட இல்லை. உலகமே புகழும் ஊரும் சிறுத்துக்கொண்டுதானிருக்கிறது. மூதாட்டியர் மகிழ்ந்து வாழ்கின்றனர், பேரப்பிள்ளைகள் வரவில்லை.

பிள்ளைகள் வந்த ஊர் அமா. கடலுக்கப்பால் ஓகித் தீவுக் கூட்டத்தில் உள்ளது. 1221இல் கவிஞராகிய பேரரசர் கொதொபா நாடுகடத்தப்பட்டு இறுதிவரை வாழ்ந்த தீவு அது, அத்துணைத் தொலைவு. ஐம்பதுகளில் ஏழாயிரம் பேர் வாழ்ந்த அவ்வூர் கடனில் மூழ்கி இரண்டாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. 2002இல் ஊர்த்தலைவரான யமாவுச்சி மிச்சியோ முதலில் தம் ஊதியத்தைக் குறைத்தார். அது கண்டு ஊழியரும் குறைத்துக்கொண்டனர். இணைப்பை ஊர் மறுத்தது. பிடித்த மீனும் சிப்பியும் சுவை குன்றாமல் உறையவைக்கும் பொறி வாங்கித் தோக்கியோவுக்கு அனுப்பினர். ஆயினும் அவர் செய்தவற்றுள் தலையாயது பள்ளியைக் காத்ததுதான்.

அத்தீவுகளுக்குப் பொதுவான மேனிலைப்பள்ளியில் 2008இல் மாணவர் தொண்ணூறுக்கும் குறைவு, மூடும் நிலை. பள்ளி மூடினால் பதினைந்து அகவைப் பிள்ளை கப்பலேற வேண்டும், அதற்குச் செலவு தாங்காமல் தாயும் உடன் செல்வாள், பின் தந்தையும் செல்வார், வீடு பூட்டப்படும். ஆகவே பள்ளியே ஊரின் ஆணிவேர் என்று கண்டு, நாடெங்கிலுமிருந்து மாணவர் வந்து தங்கிப் பயில விடுதி அமைத்தனர். ஊரே நடத்தும் மாலைக்கல்வி நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தனர். மீனவரும் உழவரும் ஆசிரியராயினர். ஏழெட்டு ஆண்டுகளில் மாணவர் இருமடங்காயினர். நகரத்து இளைஞர் பலர் குடியேறினர். மக்கள்தொகை ஏறிவிடவில்லை, இறங்கும் வேகம் வெகுவாகத் தணிந்தது. 2020இல் ஏறத்தாழ 2,270 பேர்.

அவ்வூர் தனக்கென வகுத்துக்கொண்ட தொடரொன்று தமிழாசிரியனாகிய என்னைக் கவர்ந்தது. ‘நை மோனோ வ நை’ என்பது அது. இங்கே இல்லாதவை இல்லைதான் என்பது ஒரு பொருள். இங்கே இல்லாதது என்று எதுவுமில்லை என்பது மற்றொன்று. மொழிபெயர்ப்பில் சிலேடை பிழைப்பது அரிது என்று மாணவர்க்குச் சொல்வோம். ஆனால் ‘இல்லாதது இல்லை’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். இரு பொருளும் அப்படியே நிற்கின்றன.

அரசுத் திட்டங்களுள் நான் நன்மதிப்பளிப்பது 2009இல் தொடங்கிய ஊர்ப் புத்துயிர்ப்பு ஒத்துழைப்புப் படையை. நகரத்து இளைஞர் மூன்றாண்டு வரை ஓர் ஊரில் தங்கிப் பணியாற்ற அரசு ஊதியம் தருகிறது. முதலாண்டில் 89 பேர். 2023இல் ஏழாயிரத்துக்கும் மேல். காலம் முடிந்தபின் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் அவ்வூரிலோ அருகிலோ தங்கிவிடுகின்றனர். பணத்துக்குப் பதில் ஆளை அனுப்பிய திட்டம் அது. 2008இல் வந்த சொந்த ஊர் வரித் திட்டமோ எனக்கு அவ்வளவு நிறைவளிக்கவில்லை. நகரத்தார் தாம் விரும்பும் ஊருக்கு நன்கொடை அளித்து வரிக்கழிவு பெறலாம். 2023 நிதியாண்டில் 1 இலட்சத்து 10 ஆயிரம் கோடி யென்னுக்கு மேல் திரண்டது. ஆனால் ஊர்கள் கைம்மாறாக மாட்டிறைச்சியும் நண்டும் அனுப்பத் தொடங்க, நன்கொடை அங்காடியாயிற்று. 2019இல் கைம்மாறு நூற்றுக்கு முப்பதைத் தாண்டலாகாது என்று விதிக்க வேண்டியதாயிற்று. நண்டு இல்லாத ஊர் என்ன செய்யும்?

ஆய்வாளர் ஃபுஜியாமா கோ 2015இல் சொன்ன கணக்கு நம்பிக்கை தருவது. ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு ஆண்டுதோறும் பத்துப் பேர், அதாவது நூற்றுக்கு ஒருவர், வந்து குடியேறினால் போதும்; ஊர் நிலைபெறும் என்றார் அவர். பெருந்தொழிற்சாலையும் பொற்கட்டியும் வேண்டா. மூன்று நான்கு குடும்பங்கள் போதும்.

அம்மூன்று நான்கு குடும்பங்கள் யாராயிருக்கும் என்பதே இனிவரும் வினா. 2024இல் ஜப்பானில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் ஏழு இலட்சத்துக்கும் குறைவு. வயலிலும் மீன்பிடியிலும் முதியோர் இல்லத்திலும் இன்று வேலை செய்வோருள் வியட்நாமியரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் மிகுதி. 2019இல் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கெனப் புதிய நுழைவுச் சட்டமும் வந்தது. அவர்களது கைகள் ஊருக்கு வேண்டும். அவர்கள் ஊராராக வேண்டுமா என்பதில் மட்டும் ஜப்பான் இன்னும் தயங்குகிறது. தயக்கம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று.

எங்கள் ஊர் பெரிய ஊரன்று. என் அத்தா காலத்தில் தெருவில் பிள்ளைகள் சத்தம் தாங்காது என்பார்கள். இன்று சபுராளிகள் கட்டிய மாடி வீடுகள் வரிசையாய் நிற்கின்றன. பாதி வீடுகளில் பூட்டு. மீதியுள்ளவற்றில் முதியோர். நானும் பணியின் பொருட்டு நகரத்தில் வீடு கட்டிக்கொண்டவன்தான். ஊரைப் பற்றி உரைக்க எனக்குள்ள தகுதி அவ்வளவே. நான் பயின்ற தொடக்கப்பள்ளியில் இவ்வாண்டு முதல் வகுப்பில் சேர்ந்தவர் மூவர். பள்ளி மொத்தம் பதினான்கு பேர். சென்ற மாதம் அங்குச் சென்றிருந்தபோது தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டைக் காட்டினார். அப்பதினால்வருள் ஐவர் செங்கற்சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஓரிரு ஆண்டுகளில் தமிழைத் திருத்தமாகப் படிக்கின்றனர் என்றார். ஒரு சிறுமியைப் படிக்கச் சொன்னார், படித்தாள். ழகரம் பிழைபடவில்லை, என் கல்லூரி மாணவர் பலர்க்கு வாய்க்காத ழகரம்.

‘இவங்க இருக்கிறதாலதான் சார் பள்ளிக்கூடமே இருக்குது. மழைக்கு முன்னாடி சூளை வேலை முடிஞ்சிடும். அப்புறம் இவங்களுக்குத் தங்க ஒரு வீடு கிடைச்சா இருப்பாங்க. ஊர்ல யாரும் வாடகைக்குத் தர மாட்டேங்கிறாங்க’ என்றார்.

பள்ளியின் எதிரே பூட்டிக் கிடக்கும் வீடுகள் நான்கு. அவற்றுள் ஒன்றின் சாவி என் பெரியம்மா வீட்டு ஆணியில் தொங்குகிறது. அதன் உரிமையாளராகிய என் உறவினருக்கு எழுதியிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை.